60 நாள் தவணை வருவதற்கு முன்னால்
அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு மாறும் நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்



சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்ததும் நம் தெருப் பெரியவர் ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். சிவகாசி அச்சகத்தில் 30 வருடம் ஹைடல்பர்க் மெஷின் ஓட்டியவர். மகன் நம் டிரஸ்ட் உதவித்தொகையில் படித்து, 2013இல் எச்-1பி விசாவில் அமெரிக்கா போனவர். "தம்பி, மவன் அமெரிக்காவை விட்டுட்டு ஜெர்மனிக்குப் போறேங்கிறான். சம்பளம் பாதியாம். 30 வருசம் ஜெர்மனி மெஷினை நம்பிப் பொழைச்சேன். ஜெர்மனி நாட்டை நம்ப மனசு வரலையே. தோத்துப் போயி ஓடுறான்னு ஊரு பேசாதா?" என்றார்.

"மாமு, முதல்ல கணக்கைப் பார்ப்போம். ஊர் பேசுறதைப் பிறகு பார்ப்போம்" என்றேன். அன்று தொடங்கிய கணக்கு முடிய பத்து மாதம் ஆனது. அதில் நாம் செய்த ஒரு தவறும் வெளியே வந்தது. அடுத்து வரும் குடும்பங்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற நிய்யத்தில், பெயர் சொல்லாமல், அவர்கள் அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

பாடம் 1: அங்கே என்னதான் குறை?

"நல்ல சம்பளம், சொந்தக் கார், வீடு. என்ன குறை?" என்று ஊரில் கேட்கிறோம். குறை சம்பளத்தில் இல்லை, தங்கும் உரிமையில் இருக்கிறது.

எச்-1பி விசாவின் சாதாரண வரம்பு 6 ஆண்டு. அதற்குள் கம்பெனி கிரீன் கார்டுக்கு ஐ-140 மனுப் போட்டு அது ஏற்கப்பட்டால், முறை வரும்வரை விசாவை நீட்டித்துக்கொண்டே போகலாம். அந்த முறை எப்போது வரும் என்பதுதான் சிக்கல். வேலை அடிப்படையில் அமெரிக்கா ஆண்டுக்குத் தரும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. மனைவி மக்களும் இந்த எண்ணிக்கைக்குள்தான். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. மற்றவர்கள் எடுக்காமல் மிஞ்சினால்தான் கூடும். சின்னஞ்சிறு ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. ஆகவே 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில்கூட, இந்தியாவில் பிறந்த பட்டதாரித் தொழில் வல்லுநர்களின் வரிசையில் 2013இல் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் முறை வந்திருக்கிறது. நம் பிள்ளை வரிசையில் நின்றது 2016இல்.

வரிசையில் நிற்கும்போது வேலை போனால்? 60 நாள் தவணை. கையிலிருக்கும் தங்கும் அனுமதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு கம்பெனி புதிய மனுப் போட வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 2023 தொடக்கத்தில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தபோது இவர் வேலையும் போனது. 52ஆம் நாள் வேறு வேலை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். "சாச்சா, அந்த 52 நாளும் பிள்ளைக்குப் புதுச் செருப்பு வாங்கக்கூட பயந்தோம்" என்று போனில் சொன்னார். ஊரில் நாம் யாரும் அறியவில்லை. அந்த மாதமும் அத்தாவுக்குப் பணம் வந்தது.

பாடம் 2: ஒரே வீட்டில் இரண்டு சட்டம்

இவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள் 2011இல் இங்கே விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவள். மகன் அங்கே பிறந்தவன், பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். மகள் தாயைப் போல எச்-4 விசாவில், தகப்பனைச் சார்ந்து இருக்கிறாள். 21 வயதானால் அந்தச் சார்பு முடிந்துவிடும். கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் அவள் மாணவர் விசா போன்ற வேறொன்றுக்கு மாற வேண்டும், அல்லது இரண்டு வயதில் விட்டுப்போன ஊருக்குத் தனியாகத் திரும்ப வேண்டும். தம்பிக்கு இந்தக் கவலையே இல்லை.

அவர் முடிவுக்குக் காரணம் இதுதான். "மகளுக்கு 14 வயசு. இப்போ போனா பள்ளிக்கூடத்தை மாத்தலாம். 17 வயசுல போனா வாழ்க்கையையே மாத்தணும்" என்றார். பெரியவர் இதைக் கேட்டபின் "ஊர் என்ன பேசும்" என்ற கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

பாடம் 3: ஐரோப்பாவின் நீல அட்டை

ஐரோப்பா என்பது ஒரு நாடு அல்ல. நாட்டுக்கு நாடு விதி வேறு. ஆனாலும் படித்த தொழில் வல்லுநர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் புளூ கார்டு என்ற நீல அட்டையைக் கொண்டுவந்து, 2021இல் அதன் விதிகளைத் தளர்த்தியது. அயர்லாந்தும் டென்மார்க்கும் இதில் சேரவில்லை. அவற்றுக்குத் தனி அனுமதிகள். பிரிட்டன் ஒன்றியத்திலேயே இல்லை. நெதர்லாந்தில் நீல அட்டையோடு, அரசு அங்கீகரித்த கம்பெனிகள் வழியாக வரும் உயர்திறன் ஊழியர் அனுமதியும் உண்டு. நீல அட்டையை மிக அதிகமாக வழங்கும் நாடு ஜெர்மனி. அதன் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

சம்பளம்: 2025ஆம் ஆண்டுக்கு, ஆண்டுச் சம்பளம் குறைந்தது 48,300 யூரோ. கம்ப்யூட்டர், பொறியியல், மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80 யூரோ. இந்தத் தொகை ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்.

படிப்பு: பட்டமும் அதைத் தந்த பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் அனபின் என்ற தகவல் தளத்தில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அதில் இல்லையென்றால் பான் நகரிலுள்ள அயல்நாட்டுக் கல்வி மதிப்பீட்டு அலுவலகத்திடம் சான்று வாங்கலாம். கம்ப்யூட்டர் தொழிலில் மட்டும், பட்டம் இல்லாவிட்டாலும் கடந்த 7 ஆண்டில் 3 ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால் போதும். டிப்ளமா முடித்து வேலையில் திறமை பெற்ற பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்.

நிரந்தரத் தங்குரிமை: ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலை தெரிந்தால் 27 மாதம். பி1 என்ற நடுநிலை தெரிந்தால் 21 மாதம். எந்த நாட்டில் பிறந்தவர் என்ற வரிசை இதில் இல்லை. அமெரிக்காவில் 9 ஆண்டு வரிசையில் நின்றவர் பெரியவருக்கு விளக்கிச் சொன்ன வரி இதுதான்: "அத்தா, அங்கே எவ்வளவு நாள்னு யாருக்கும் தெரியாது. இங்கே மாசக் கணக்குத் தெரியும்."

வேலை போனால்: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, அட்டை வாங்கி 2 ஆண்டு ஆகாதவருக்கு வேறு வேலை தேட 3 மாதம், 2 ஆண்டு கடந்தவருக்கு 6 மாதம். முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மனைவி: போய்ச் சேர்ந்ததும் வேலை பார்க்க அனுமதி உண்டு. மொழித் தேர்வு முன்நிபந்தனை இல்லை. அமெரிக்காவில் எச்-4 மனைவிக்குக் கணவரின் ஐ-140 ஏற்கப்பட்ட பிறகே, தனியாக விண்ணப்பித்துத்தான் வேலை அனுமதி.

குடியுரிமை: 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 5 ஆண்டில் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. அந்தக் குடியுரிமை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ அட்டை வாங்க வேண்டும். ஓசிஐ வைத்திருப்பவர் இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. கரிசல் காடு வாங்கிப் போடும் எண்ணமுள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்கட்டும்.

பாடம் 4: பணக் கணக்கு

இவருக்கு வந்த சம்பளம் அமெரிக்கச் சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல். அதிலும் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக, ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். இதை மறைத்துப் பேசக் கூடாது.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். ஜெர்மனியின் அரசுக் காப்பீட்டில் வருமானமில்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பிரீமியம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 2025இல் மாதம் 255 யூரோ அரசு தந்தது. அரசுப் பள்ளிக்கும், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்விக் கட்டணம் இல்லை. மகளின் கல்லூரிக்கென அமெரிக்காவில் சேர்க்க வேண்டியிருந்த தொகையை இந்தப் பக்கத்தில் போட்டால் இடைவெளி பாதியாகக் குறைந்தது. முழுதும் மூடவில்லை.

அமெரிக்காவை விட்டுக் கிளம்புமுன் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, அங்கே அரசு ஓய்வூதியத்துக்கு 40 புள்ளி தேவை. ஆண்டுக்கு 4 வீதம், 10 ஆண்டு. ஒன்பதரை ஆண்டு முடித்தவர் ஆறு மாதம் பொறுக்க முடியுமா என்று பார்க்கட்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லை. அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் 1979 முதல் உண்டு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் 2017 மே முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டு, 401-கே சேமிப்பை அவசரப்பட்டு எடுத்தால், ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் வரியோடு 10 சதவீதம் கூடுதலாகப் போகும். அங்கேயே விட்டுவைக்கலாம். மூன்று, அமெரிக்காவில் பிறந்த மகன் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அமெரிக்க வரி அலுவலகத்துக்கு ஆண்டுக் கணக்குக் காட்டும் கடமை அவனைத் தொடரும்.

பெரியவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "மாமு, மாசம் அவன் அனுப்புறதுல பாதி வந்தா போதுமா?" சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கும் அவ அம்மாவுக்கும் என்ன பெரிய செலவு. மாடி கட்டுறதை நிறுத்திக்கிறேன்" என்றார். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். ஆனால் பிள்ளைகளின் ரிஸ்க்கை ஊர்ப் பெருமைக்காக நாம் அளந்து கேட்கிறோமா என்று ஒவ்வொரு பெற்றோரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாடம் 5: தவறு நம் புத்தகத்தில் இருந்தது

வேலைக் கடிதம் வந்துவிட்டது. அமெரிக்கக் குடிமக்கள் ஜெர்மனியில் போய் இறங்கிய பிறகும் விண்ணப்பிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முதலில் தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். அங்கேதான் கோப்பு நின்றது.

மனைவியின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதம், திருமணப் பதிவில் ஒரு விதம், மகளின் பிறப்புச் சான்றில் மூன்றாவது விதம். மைதீன், முகைதீன், மொஹிதீன் எல்லாம் நமக்கு ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் பார்க்கும் அதிகாரிக்கு அவர்கள் மூன்று பெண்கள். ஒன்றில் பீவி உண்டு, ஒன்றில் இல்லை. எங்கிருந்து வந்தது இந்தக் குழப்பம் என்று தேடினால், 2010ஆம் ஆண்டு நம் ஜமாஅத் நிக்காஹ் புத்தகத்தில் வந்து முடிந்தது. அதைப் பார்த்துத்தான் பதிவு அலுவலகத்தில் எழுதினார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. பெண் வீட்டார் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதினேன். ஒரு அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கவில்லை.

திருத்தி வாங்க 7 வாரம் ஆனது. வேலையில் சேரும் தேதியைக் கம்பெனி ஒருமுறை தள்ளிக் கொடுத்தது. தராமல் இருந்திருந்தால் அந்த வேலை போயிருக்கும். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் "விடுங்க தம்பி" என்றார். எனக்குத்தான் விட முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இந்த வாரமே சரிபார்க்க வேண்டியவை:

1. பாஸ்போர்ட், ஆதார், பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, திருமணச் சான்று ஐந்திலும் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி ஒரே எழுத்தில் இருக்கிறதா?

2. நிக்காஹ் புத்தகப் பிரதி மட்டும் போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். திருமணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம்.

3. தமிழர் வழக்கப்படி இனிஷியலோடு ஒரே பெயராகப் பாஸ்போர்ட் எடுத்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகிவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அது ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று பரவும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்து எழுதுங்கள்.

4. பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா? பெயர் இல்லாத சான்று பல வீடுகளில் இன்னும் பீரோவில் இருக்கிறது.

5. சான்றிதழில் எந்த அரசு முத்திரை தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்தந்தத் தூதரகத்தின் பட்டியலைப் பார்த்தபிறகே பணம் கட்டுங்கள்.

பாடம் 6: தீனும் மொழியும்

நாடு தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு இதையும் பார்க்க வேண்டும். பிரான்ஸில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளியில் மாணவி தலைத்துணி அணிய முடியாது. ஜெர்மனிப் பள்ளிகளில் மாணவிகளுக்கு அப்படிப் பொதுத்தடை இல்லை. 14 வயது மகள் இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஜெர்மனியில் முகவரி பதியும்போது மதத்தைக் கேட்பார்கள். சர்ச்சுகளுக்கான வரி பிடிப்பதற்காக அது. முஸ்லிம்களுக்கு அந்த வரி இல்லை. அச்சமின்றி உண்மையை எழுதலாம். கோடையில் பகல் மிக நீளம். நோன்பும் தொழுகை நேரங்களும் குறித்து உள்ளூர் மஸ்ஜிதில் கேட்டு நடக்க வேண்டும்.

அங்குள்ள மஸ்ஜித்களில் பல துருக்கியர் எழுப்பியவை. 1961இல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை அழைத்தது. சில வருடம் உழைத்துத் திரும்பிவிடுவார்கள் என்று இரு தரப்பும் எண்ணியது. 1973இல் அழைப்பு நின்றது. ஆனால் லட்சக்கணக்கானோர் அங்கேயே குடும்பமானார்கள். திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில் மொழி படிக்காமல் இருந்த முதல் தலைமுறை அதற்காக நெடுங்காலம் சிரமப்பட்டது. ஆபீசில் ஆங்கிலம் போதும் என்று நம் பிள்ளைகளும் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வீட்டுக்காரரிடமும் போதாது. கிளம்பும் முன்பே ஏ1 முடித்துவிடுங்கள். சென்னையில் மாக்ஸ்முல்லர் பவனில் வகுப்பும் தேர்வும் நடக்கின்றன.

பாடம் 7: இங்கிருந்தே கிளம்ப நினைப்போருக்கு

அமெரிக்கா போகாமல் நேராக ஜெர்மனி போக விரும்பும் பிள்ளைகளும் வருகிறார்கள். 2024 ஜூன் முதல் வாய்ப்பு அட்டை என்று ஒன்று உண்டு. படிப்பு, அனுபவம், மொழி, வயது ஆகியவற்றுக்கான புள்ளிகளில் 6 எடுத்தால் ஓராண்டு அங்கே தங்கி வேலை தேடலாம். செலவுக்கு மாதம் 1,091 யூரோ வீதம் கையில் இருப்பதாக 2025இல் காட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டும். இது வேலைக்கான உத்தரவாதம் அல்ல.

"ஐந்து லட்சம் கொடு, நீல அட்டை வாங்கித் தருகிறேன்" என்பவரை நம்பாதீர்கள். வேலைக் கடிதம் இல்லாமல் நீல அட்டை இல்லை. ஜெர்மன் விசாக் கட்டணம் 75 யூரோ மட்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். செவிலியர் படித்த பெண்கள் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள்.

முடிவாக

அந்தக் குடும்பம் 2025 ஆகஸ்டில் ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. திரும்பும் வாசல் குறுகிவிட்டது என்பது உண்மை. 2016ஆம் ஆண்டு வரிசைத் தேதி மட்டும் அவர் பெயரில் அப்படியே நிற்கிறது. நாட்டை விட்டு வந்ததால் அது அழிவதில்லை.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாடகை வீடு கிடைக்க மூன்று மாதம் ஆனது. மகளை மொழி தெரியாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வருடம் பின்தங்கிவிட்டாள். தோழிகளை விட்டு வந்ததற்காக இன்னும் தகப்பனிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் 21 வயது என்ற தேதி அந்த வீட்டுச் சுவரில் இப்போது இல்லை.

போகலாமா, இருக்கலாமா என்று டிரஸ்ட் யாருக்கும் முடிவு சொல்லாது. அது இஸ்திகாராவும் குடும்ப மஷ்வராவும் செய்து அவரவர் எடுப்பது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. வேலை இருக்கும்போதே கணக்குப் போடுங்கள்; 60 நாள் தொடங்கியபின் போடும் கணக்கில் பயம்தான் பேசும்.

நம் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். இனி நிக்காஹ் புத்தகத்தில் எழுதுமுன் மணமகன், மணமகள் இருவரின் பாஸ்போர்ட் அல்லது ஆதாரைப் பார்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதி, இரு வீட்டாரும் வாசித்துக் கையெழுத்திட்ட பிறகே பக்கத்தை மூடுவோம். ஞாயிறுதோறும் லுஹருக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். உங்கள் சான்றிதழ்களைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். கட்டணம் இல்லை.

கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஈமானையும் ஹலாலான ரிஸ்க்கையும் மன நிம்மதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்